முகவரி மாறலாம், பெயர் மாறலாமா?

பெயர் ஒன்று, முகவரி வேறு. ஆயினும் நாம் இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணிப் பழகிவிட்டோம். தபால்காரர் வாசலில் நின்று நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆனால் அவர் வந்து சேர்ந்ததோ தெருவையும் கதவிலக்கத்தையும் பார்த்து. குடி மாறினால் கதவிலக்கம் அங்கேயே தங்கிவிடும். பெயர் மட்டும் நம்மோடு வரும். இந்தச் சிறிய வேறுபாட்டை எங்களுக்கு நன்கு விளங்க வைத்தது ஒரு பழைய மடிக்கணினி. சென்ற ஆண்டு அதனை எங்கள் வீட்டிலேயே ஓர் இணைய வழங்கியாக, அதாவது 'சர்வர்' ஆக நிறுத்தி, அதற்கு நிலையான பெயர் சூட்டிய வரலாற்றையே இங்கு எழுத முற்பட்டுள்ளோம். அன்புத் தோழியர் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

நாங்கள் அக்காள் தங்கை இருவர். மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு. இளையவள் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் தந்தையார் ஓமன் நாட்டின் மஸ்கட் நகரில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்க்கிறார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் நீண்ட விடுமுறை. தூத்துக்குடி வீட்டில் அம்மாவும், அப்பாவைப் பெற்ற ஆச்சியும், நாங்களும் இருக்கிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், 'உங்கள் குடும்ப வரலாற்றை முதியோரிடம் கேட்டு எழுதுக' என்று பள்ளியில் ஓர் ஒப்படைப்புத் தந்தார்கள். ஆச்சியைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசச் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்தோம். ஒப்படைப்பு முடிந்தது, ஆச்சியின் பேச்சு முடியவில்லை! உப்பளத்து வேலை, இரயில்வே குவார்ட்டர்ஸ் வாழ்க்கை, புயல் அடித்த இரவு, மீன் குழம்பின் பக்குவம், அப்பாவுக்குப் பாடிய தாலாட்டு என்று நாற்பத்தொரு பதிவுகள் சேர்ந்தன.

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஆச்சிக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, கை கால்கள் ஓரளவு திரும்பின. ஆனால் பேச்சு போய்விட்டது. நினைத்த சொல் நாவுக்கு வர நெடுநேரமாகும். வந்தாலும் பாதியில் நின்றுவிடும். பத்து நாள் விடுப்பில் ஓடி வந்த அப்பா, ஆச்சியின் கையைப் பிடித்தபடியே இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். போன மறுவாரம் தொலைபேசியில் எங்களிடம் கேட்டார்: "அம்மா பேசினதெல்லாம் வச்சிருக்கீங்களா பிள்ளைகளா? ராத்திரி படுக்கும்போது ஒண்ணாவது கேக்கணும் போல இருக்கு."

ஒன்றிரண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அப்பாவின் கைப்பேசி பழுதானபோது அவையும் போயின. யாவரும் காணும் இடத்தில் ஏற்றிவைக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். அம்மா அதற்கு இசையவில்லை. "ஆச்சி நம்மகிட்டப் பேசினது. வீட்டுப் பேச்சு வீட்டுலதான் இருக்கணும், ஆனா அப்பாவுக்கும் கேக்கணும்" என்றார்கள். இவ்விரண்டும் சேர்ந்து நிறைவேற ஒரே வழி, வீட்டிலேயே சர்வர் வைப்பதுதான். மூடிக் கிடந்த மடிக்கணினியைத் துடைத்து, அதில் டெபியன் லினக்ஸ் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, பதிவுகளை அடுக்கி, ஓர் எளிய பக்கமும் செய்தோம். வீட்டுக்குள் எந்தக் கைப்பேசியிலும் பக்கம் திறந்தது. மஸ்கட்டில் மட்டும் திறக்கவில்லை!

காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். இணையத்தில் சேரும் ஒவ்வோர் இணைப்புக்கும் 'ஐ.பி. முகவரி' என்னும் எண் உண்டு. பழைய முறையில் இத்தகைய எண்கள் மொத்தம் 429 கோடியே 49 இலட்சம் சொச்சந்தான். உலக மக்களின் தொகையோ அதனினும் மிகுதி. உலகப் பொதுக் களஞ்சியத்தில் மீதமிருந்த கடைசிக் கட்டுகளும் 2011 பிப்ரவரி 3ஆம் நாள் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. ஆகவே பல நிறுவனங்கள், ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பொதுவாக வைத்துவிடுகின்றன. இதனை ஒரு பெரிய காம்பவுண்டுக்கு ஒப்பிடலாம். உள்ளே நூறு குடித்தனம்; வாயிலோ ஒன்று. உள்ளிருப்பவர் வெளியே போகலாம். வெளியிலிருந்து வருபவர்க்கு, எவர் வீட்டுக்குப் போவது என்று வாயிலில் சொல்வாரில்லை.

நாம் காம்பவுண்டுக்குள் இருக்கிறோமா என்றறிய ஓர் எளிய சோதனை உண்டு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் காணும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால், அது பொதுவாயில். இதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்ட எண்வரிசை அது. எங்கள் ரவுட்டரும் அவ்வரிசையையே காட்டிற்று.

இணைப்புத் தரும் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினோம். எங்களுக்குத் தனி வெளி முகவரி வேண்டும், அது மாறுவதாக இருந்தாலும் சரி என்று கேட்டோம். மறுமுனையில் இருந்தவர், "வீட்டுல பெரியவங்க ஆம்பளைங்க யாராவது இருந்தாப் பேசச் சொல்லும்மா" என்றார். அம்மா தொலைபேசியை வாங்கி, "அண்ணாச்சி, இந்த விசயம் எங்க வீட்டுல இந்தப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். அதுககிட்டயே சொல்லுங்க" என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள். அதன்பின் அவர் மரியாதையாகவே பேசினார். நான்கு நாளில் தனி முகவரி கிடைத்தது.

அவ்வெண்ணை அப்பாவுக்குச் சொன்னோம். அன்றிரவு அவர் ஆச்சியின் தாலாட்டைக் கேட்டார். நான்கு இரவுகள் கேட்டார். ஐந்தாம் நாள் மின்சாரம் நின்று வந்தது. ரவுட்டர் அணைந்து எழுந்தபோது நிறுவனம் வேறோர் எண்ணைக் கொடுத்துவிட்டது. அப்பா பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருந்தார்; கதவு திறக்கவில்லை. அந்த எண் அப்போது எவர் வீட்டுக்குப் போயிருந்ததோ! மாறாத எண்ணும் விலைக்கு உண்டு. ஆனால் அதற்கு மாதந்தோறும் கூடுதல் கட்டணம். மருந்துச் செலவு இருந்த வீட்டில் அதனைக் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இதற்கு விடை எங்கே கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? ஆச்சியின் பதினேழாம் பதிவில்! பதிவுகளைச் சரிபார்க்கும்போது அதனைக் கேட்டோம். ஆச்சி சொல்கிறார்கள்:

"உங்க தாத்தாவுக்கு மாத்தல் வந்துக்கிட்டே இருக்கும். மணியாச்சி, விருதுநகர், மானாமதுரைன்னு ஏழு குவார்ட்டர்ஸ்ல இருந்திருக்கேன். கூடப் பிறந்தவங்க அஞ்சு பேரும் அஞ்சு ஊர்ல. எல்லாத்துக்கும் எழுதிக்கிட்டு இருக்க முடியுமா? பெரியண்ணனுக்கு மட்டும் ஒரு கார்டு போடுவேன். சாமான் இறக்குன அன்னைக்கே போட்டுருவேன். அவங்க ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிடுவாங்க. யாருக்கு என் வீடு தெரியணுமோ, அவங்க அண்ணனக் கேட்டுக்கிடுவாங்க."

கேட்டதும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 'டைனமிக் டி.என்.எஸ்.' என்று நாங்கள் படித்துப் படித்துப் பாதி புரிந்த பொருள் முழுவதும் அதில் இருந்தது. பெரியண்ணன் வீடு மாறாது. அவர் நோட்டில் தங்கையின் பெயர் மாறாது. பெயருக்கு எதிரே உள்ள முகவரி மட்டும் அடித்து எழுதப்படும். அடித்து எழுதும்படி சொல்லியனுப்ப வேண்டியவள், குடி மாறிய தங்கை.

இணையத்திலும் தொடக்கத்தில் இப்படி ஒரு நோட்டுதான் இருந்தது என்றால் வியப்பாக இருக்கும். இன்றைய இணையத்தின் முன்னோடியாகிய 'அர்ப்பாநெட்' வலையில் இருந்த கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டிருந்தன. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மென்லோ பார்க்கில் இருந்த ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் அப்பட்டியலைக் காத்தவர் யார் தெரியுமா? எலிசபெத் ஃபெயின்லர் என்னும் பெண்மணி! வேதியியல் படித்தவர். 1972 முதல் 1989 வரை அங்குள்ள தகவல் மையத்தின் தலைவராக இருந்தார். புதிய கணினி ஒன்றை வலையில் சேர்ப்பவர்கள் அவருடைய அலுவலகத்துக்கே பெயரைத் தெரிவிக்க வேண்டும். '.காம்', '.எடு', '.கவ்' போன்ற பெயர் முடிவுகள் உருவானதிலும் அவர் குழுவினர்க்குப் பங்குண்டு.

கணினிகள் பெருகப் பெருக ஒரே நோட்டு தாங்கவில்லை. 1983 நவம்பரில் பால் மொகாபெட்ரிஸ் என்பார் அதனைப் பல கிளைகளாகப் பிரிக்கும் திட்டத்தை வெளியிட்டார். அதுவே டி.என்.எஸ். என்னும் பெயர்முறை. ஒவ்வொரு கிளையும் தன் பெயர்களைத் தானே காக்கும். மேலிருப்பவர் கீழிருப்பவரைச் சுட்டிக்காட்டுவார். பின்னர் 1997 ஏப்ரலில், மனிதர் கைபடாமல் கணினியே தன் புது முகவரியை நோட்டில் மாற்றிக்கொள்ளும் விதியும் வகுக்கப்பட்டது. ஆச்சியோ அதற்குப் பல்லாண்டுகள் முன்பே அஞ்சலட்டையில் அதனைச் செய்துகொண்டிருந்தார்கள்!

இனி நாங்கள் செய்ததைப் படிப்படியாகக் கூறுவோம். முயல விரும்பும் தோழியர்க்குப் பயன்படக்கூடும்.

முதலாவது, கணினிக்கு உள்ளே வழங்கும் பெயர். ஆச்சியின் நினைவாக 'ஆச்சிவீடு' என்று வைத்தோம். இத்தகைய பெயரை ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு ஆகியவற்றால் மட்டுமே எழுதலாம், இடைவெளி ஆகாது. புள்ளிக்குப் புள்ளி 63 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. தமிழ் எழுத்திலேயே இணையப் பெயர் பெறவும் இன்று வழியுண்டு, '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று முடியும் பெயர்கள் உள. நாங்கள் எடுத்த இலவசச் சேவையில் அவ்வசதி இல்லாமையால் ஆங்கில எழுத்தில் எழுதினோம்.

இரண்டாவது, வீட்டுக்குள் அதற்கு நிலையான இருப்பிடம். ரவுட்டர் உள்ளே தரும் எண்ணும் மாறக்கூடியதே. ஆகவே, இந்த மடிக்கணினிக்கு எப்போதும் 192.168.1.10 என்ற எண்ணையே தருக என்று ரவுட்டரில் பதிந்தோம். பந்தியில் ஆச்சிக்கென்று ஒரே இடத்தில் மணைபோட்டு வைப்பது போன்றது இது.

மூன்றாவது, பெரியண்ணனைத் தேடல். டைனமிக் டி.என்.எஸ். சேவை தருவோர் பலர் உளர். சிலர் இலவசமாகவே தருகின்றனர். அவர்களிடம் 'ஆச்சிவீடு' என்ற பெயரைப் பதிந்தோம். அது அவர்கள் பெயருக்கு முன்னே ஒட்டிக்கொண்டு ஒரு முழுப் பெயராயிற்று. அத்துடன் ஒரு நீண்ட இரகசியக் குறியும் தந்தார்கள். அக்குறியே தங்கையின் கையெழுத்து. அது பிறர் கையில் சிக்கினால், நம் பெயரில் பொய்க் கார்டு போட்டு, நம்மைத் தேடி வருபவரைத் தம் வீட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். ஆதலால் அதனை எவர்க்கும் காட்டலாகாது.

நான்காவது, கார்டு போடும் வேலை. மடிக்கணினியில் ஒரு சிறு நிரலை அமைத்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது தன் வெளி முகவரியைப் பார்க்கும். மாறியிருந்தால் உடனே இரகசியக் குறியுடன் செய்தி அனுப்பும், மாறாவிடில் பேசாதிருக்கும். பல ரவுட்டர்களிலேயே இதற்கென ஒரு பக்கம் உண்டு. அதில் விவரங்களை நிரப்பினாலும் போதும். நோட்டில் பார்த்த முகவரியைக் கேட்டவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. எங்கள் பெயருக்கு அது 60 விநாடி. நீண்ட நேரம் வைத்தால், முகவரி மாறிய பின்னும் பழைய வீட்டையே தட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஐந்தாவது, கதவு. ரவுட்டரில் 443 என்ற எண்ணுள்ள வாயிலை மட்டும் திறந்து, அதில் வருபவரை மடிக்கணினிக்கு அனுப்பும்படி செய்தோம். வேறெந்த வாயிலையும் திறக்கவில்லை. சர்வரிடமும், இப்பெயரைச் சொல்லி வருபவர்க்கே பக்கத்தைக் காட்டு என்று எழுதி வைத்தோம். வெறும் எண்ணைத் தட்டிக்கொண்டு வழிப்போக்கர் பலர் வருவர். அவர்க்கு ஒன்றும் தெரியாது. பெயரறிந்து வருபவர்க்கும் கடவுச்சொல் வேண்டும். இடைவழியில் எவரும் ஒட்டுக் கேளாதிருக்க, 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் பொதுநல அமைப்பு இலவசமாக வழங்கும் சான்றிதழையும் பெற்றோம். அது மூன்று மாதத்துக்கு மேல் செல்லாது. ஆகவே தானே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்தோம். லினக்ஸ் மென்பொருளையும் வாரந்தோறும் புதுப்பிக்கிறோம். வாசல் வைத்த வீட்டுக்குப் பூட்டும் வேண்டுமன்றோ?

ஆறாவது, சோதனை. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு பெயரைத் தட்டிப் பார்த்தால் போதாது. சில ரவுட்டர்கள், உள்ளிருப்பவர் வெளிப்பெயரால் தம் வீட்டையே அழைப்பதை ஏற்பதில்லை. அதனால் அம்மாவின் கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் இணைப்பில் பார்த்தோம். பக்கம் திறந்தது! பிறகு ரவுட்டரை வேண்டுமென்றே அணைத்து எழுப்பினோம். முகவரி மாறிற்று. கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தோம். ஆறாம் நிமிடத்தில் அதே பெயருக்குக் கதவு மீண்டும் திறந்தது. இளையவள் கைதட்டிவிட்டாள், ஆச்சி கட்டிலிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள்.

உண்மையான சோதனை நவம்பர் மழையில் வந்தது. ஓரிரவு காற்றும் மழையுமாய்ப் பத்து மணிக்கு மின்சாரம் போயிற்று. திரும்ப வந்தபோது பதினொன்றே கால். மஸ்கட்டில் மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. அங்கு அப்போது பத்தாகக் கால் மணி இருந்தது. அப்பா வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் நேரம். அன்றைய மழையில் அவரை அழைத்துச் செய்தி சொல்லவும் கைப்பேசிக் கோபுரம் இடம் தரவில்லை. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் வேண்டியிருக்கவில்லை. ரவுட்டர் எழுந்தது, மடிக்கணினி புது முகவரியைக் கண்டது, கார்டு போட்டது.

மறுநாள் காலை சர்வரின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினோம். யார், எப்போது, எதைக் கேட்டார் என்று அது தானே வரிவரியாக எழுதி வைக்கும். இரவு 11.52க்கு ஒரே ஒரு வரி இருந்தது: தாலாட்டு. அம்மா அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சாப்பிட்டாங்களா இல்லியான்னு இதுல வராதோ?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார்கள்.

நாங்கள் ஆச்சியின் அருகில் அமர்ந்து நடந்ததையெல்லாம் சொன்னோம். பதினேழாம் பதிவையும் அவர்களுக்கே போட்டுக் காட்டினோம். தம் குரலைத் தாமே கேட்டு ஆச்சி கண்கலங்கினார்கள். பிறகு, வலக்கை ஒத்துழையாததால் இடக்கையை உயர்த்தி, காற்றில் எழுதுவது போல் விரலை அசைத்து, "கா... கார்டு" என்றார்கள். பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார், அச்சொல்லையே மறுநாள் பயிற்சியில் முதலாவதாக வைத்துக்கொண்டார். இன்று ஆச்சி இருபதுக்கும் மேற்பட்ட சொற்களைத் தெளிவாகச் சொல்கிறார்கள். அவற்றுள் ஒன்று, அப்பாவைச் சிறுவயதில் அழைத்த 'ராசா' என்னும் சொல். அதனை நாற்பத்திரண்டாம் பதிவாகச் சேர்த்திருக்கிறோம். அதன் நீளம் நான்கு விநாடி.

அன்புத் தோழியரே! இப்பள்ளியை விட்டு நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் செல்வோம். மேற்படிப்பு, வேலை, திருமணம் என்று நம் முகவரிகள் ஆச்சியின் ஏழு குவார்ட்டர்ஸைக் காட்டிலும் அதிகமாகவே மாறும். மாறுவதில் குற்றமில்லை. ஆனால் நம்மைத் தேடுபவர்கள் பழைய வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்க விடலாமா? இடம் மாறியவர்தாம் சொல்லியனுப்ப வேண்டும். அதுவும் சாமான் இறக்கிய அன்றே சொல்லியனுப்ப வேண்டும். இதனை எங்கள் மடிக்கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நினைவில் வைத்துச் செய்துவருகிறது. இந்த ஆண்டு விடைபெற்றுச் செல்லும் அக்காமாரும், நம்மை எண்ணி வீட்டில் காத்திருக்கும் பெற்றோர்க்கும் இங்கு நமக்குக் கற்பித்த சிஸ்டர்களுக்கும் அவ்வப்போது ஒரு கார்டு போடுவார்களாக!